கட்டுகளை அவிழ்க்கும் கைகள்



உயிர்ப்புப் பெருவிழா முடிந்து ஒரு வாரம் ஓடிவிட்டது. நள்ளிரவில் உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் மேலெழுந்தபோது வெடித்த வெடிகளின் தாள்களையெல்லாம் கோயில் முற்றத்திலிருந்து கூட்டி அள்ளியாகிவிட்டது. பாஸ்கா திரி மட்டும் பீடத்தின் அருகில் இன்னும் நிற்கிறது. தூய ஆவியாரின் பெருவிழா வரை அது அங்கேதான் நிற்கும். திருச்சபை தவக்காலத்திற்கு 40 நாள்களைக் கொடுத்தது. உயிர்ப்பின் மகிழ்ச்சிக்கு 50 நாள்களைக் கொடுத்திருக்கிறது. ஆனால் நம்மிடம் கணக்கு தலைகீழாக இருக்கிறது. தவக்காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் சிறு பிள்ளைகூடச் சொல்லிவிடும். சாம்பல் பூச வேண்டும், புலால் விட வேண்டும், வெள்ளிதோறும் சிலுவைப் பாதை செய்ய வேண்டும், உண்டியலில் சேர்த்த காசை ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். சரி, பாஸ்கா காலத்தில் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்கு நம்மில் பலரிடம் பதில் இல்லை. பிரியாணி சாப்பிட்டதோடு உயிர்ப்பு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

இந்தக் கேள்விக்கு விடை தேடி இன்று யோவான் நற்செய்தியின் இரண்டு கல்லறைகளுக்குப் போய்வருவோம். ஒன்று பெத்தானியாவில் இருந்த இலாசரின் கல்லறை. மற்றொன்று எருசலேமில் இருந்த ஆண்டவரின் கல்லறை.

முதலில் பெத்தானியா. ஒலிவ மலையின் கீழ்ச்சரிவில், எருசலேமிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தொலைவில் இருந்த சிற்றூர் அது. இன்று அந்த ஊரை அரபு மொழியில் அல் எய்சரியா என்கிறார்கள். இலாசரின் பெயரே ஊர்ப் பெயராகிவிட்டது. மூன்றாண்டுச் சுழற்சியின் முதலாம் ஆண்டில், தவக்காலத்தின் 5-ஆம் ஞாயிறன்று இந்த நற்செய்தியை வாசிக்கக் கேட்கிறோம். இலாசர் இறந்து நான்கு நாள்கள் ஆகிவிட்டன. மார்த்தாவும் மரியாவும் அழுகிறார்கள். ஆண்டவரும் கண்ணீர் விடுகிறார்.

இதன் பிறகு நடப்பதைச் சற்று உற்றுக் கவனிப்போம். யோவான் 11-ஆம் அதிகாரத்தில், கல்லறை வாசலில் மூன்று செயல்கள் நடக்கின்றன. முதலாவது, கல்லை அகற்றும்படி இயேசு அங்கே நின்றவர்களிடம் சொல்கிறார். அவர்கள் அகற்றுகிறார்கள். இரண்டாவது, இறந்தவரைப் பெயர் சொல்லி உரத்த குரலில் வெளியே அழைக்கிறார். இலாசர் வருகிறார். மூன்றாவது, கைகால்கள் துணியால் கட்டப்பட்டு, முகம் மூடப்பட்டபடி நிற்கும் அவருடைய கட்டுகளை அவிழ்க்குமாறும், அவரைப் போக விடுமாறும் மீண்டும் அங்கே நின்றவர்களிடமே சொல்கிறார்.

இந்த மூன்றில் ஒன்றை மட்டும்தான் ஆண்டவர் தனியாகச் செய்கிறார். உயிர் கொடுப்பது அவருடைய வேலை. அதை வேறு யாராலும் செய்ய முடியாது. ஆனால் கல்லைப் புரட்டியது ஊராருடைய கை. கட்டை அவிழ்த்ததும் ஊராருடைய கை. நான்கு நாள் கழித்து ஒருவரை உயிரோடு எழுப்ப முடிந்தவருக்கு ஒரு துணி முடிச்சை அவிழ்க்கத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அதைச் சொந்தபந்தங்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் விட்டுவைக்கிறார். உயிர் பெற்றவர் அதன் பிறகு வாழப்போவது அவர்கள் நடுவில்தானே!

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். அந்தக் கட்டுகளைக் கட்டியவர்கள் யார்? பகைவர்கள் அல்லர். நான்கு நாளைக்கு முன் அழுதுகொண்டே, அன்போடு, முறைப்படி கட்டியவர்கள் அதே உறவினர்களாகத்தான் இருந்திருப்பார்கள். கட்டிய கைதான் அவிழ்க்கவும் வேண்டும். அப்படி அவிழ்ப்பதற்கு அருகில் போக வேண்டும். கல்லை அகற்றச் சொன்னபோதே நாற்றம் எடுக்குமே என்று மார்த்தா தயங்கினாரே, அந்த அச்சத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தூரத்தில் நின்றுகொண்டு யாருடைய கட்டையும் அவிழ்க்க முடியாது.

இப்போது எருசலேமில் இருந்த கல்லறைக்குப் போவோம். வாரத்தின் முதல் நாள் விடியற்காலை. மகதலா மரியா வரும்போதே கல் அகற்றப்பட்டிருக்கிறது. பேதுருவும் மற்றச் சீடரும் ஓடி வருகிறார்கள். உள்ளே துணிகள் கிடக்கின்றன. தலையை மூடியிருந்த துண்டு தனியாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இலாசர் கட்டுகளோடு வெளியே வந்தார். ஆண்டவரோ கட்டுகளைக் கல்லறைக்குள்ளேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். இலாசர் மீண்டும் ஒருநாள் இறக்க வேண்டியவர். அந்தத் துணி அவருக்கு மறுபடியும் தேவைப்படும். ஆண்டவருக்கு அது இனித் தேவையில்லை. சாவுக்கு அவர்மேல் இனி ஆட்சி இல்லை என்று தூய பவுல் உரோமையருக்கு எழுதுகிறாரே, அதன் பொருள் இதுதான்.

அன்று மாலையே அந்த உயிர்த்த ஆண்டவர் பூட்டிய கதவுகளுக்குள் இருந்த சீடர்களிடம் வருகிறார். அமைதி கூறுகிறார். அவர்கள்மேல் ஊதி, தூய ஆவியைப் பெற்றுக்கொள்ளச் சொல்லி, பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தை அளிக்கிறார். பாஸ்கா காலத்தின் 2-ஆம் ஞாயிறன்று ஒவ்வோர் ஆண்டும் நாம் கேட்கும் நற்செய்தி இது. 2000-ஆம் ஆண்டில் தூய பவுஸ்தினாவைப் புனிதராக உயர்த்திய நாளில், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இந்த ஞாயிற்றை இறை இரக்கத்தின் ஞாயிறு என்று அறிவித்தார்.

இந்த இடத்தில் மூல மொழியைச் சற்றுப் பார்ப்பது நமக்கு உதவும். யோவான் தம் நற்செய்தியைக் கிரேக்கத்தில் எழுதினார். இலாசரைப் போக விடுங்கள் என்று ஆண்டவர் சொல்லும் இடத்தில் 'அஃபியேமி' என்ற வினைச்சொல்லை அவர் பயன்படுத்துகிறார். உயிர்த்த நாள் மாலையில் பாவங்களை மன்னிப்பது பற்றிச் சொல்லும் இடத்திலும் அதே சொல்தான் வருகிறது. அதற்குப் போகவிடுவது என்றும் பொருள், மன்னிப்பது என்றும் பொருள். நம் தமிழும் இதற்கு இளைத்ததல்ல. 'விடுதலை' என்ற சொல்லுக்குள்ளேயே 'விடு' என்ற சொல் இருக்கிறது. கட்டை விட வேண்டும், பிடியை விட வேண்டும். யாராவது ஒருவர் விட்டால்தான் இன்னொருவருக்கு விடுதலை.

நான்காம் நூற்றாண்டிலும் ஐந்தாம் நூற்றாண்டிலும் வாழ்ந்த தூய அகுஸ்தினார் இலாசரைப் பற்றி விளக்கும்போது, கட்டுகளை அவிழ்க்கும் இந்தப் பணியைத் திருச்சபைக்குத் தரப்பட்ட மன்னிப்பு அதிகாரத்தோடு இணைத்துக் காட்டுகிறார். ஒப்புரவு அருள்சாதனத்தில் அருள்பணியாளர் வழியாக அது நிறைவேறுகிறது. ஆனால் அத்தோடு முடிந்துவிடுவதில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்து மன்னிப்புப் பெற்று எழுந்து வருகிற மனிதர், கோயில் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியதும் அவரை யார் எதிர்கொள்கிறார்கள்? கடவுள் மன்னித்துவிட்டார். தெரு மன்னித்ததா?

அன்பர்களே, இந்தக் கேள்வியை எழுப்பும் தகுதி நமக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆகவே நடந்த ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், பெரிய வியாழன் வழிபாட்டில் பாதம் கழுவுவதற்கு 12 பேரைத் தேர்ந்தெடுக்கப் பங்குப்பேரவை கூடியது. அன்பியப் பொறுப்பாளரான ஒரு அம்மா ஒருவருடைய பெயரைச் சொன்னார். பல ஆண்டுகள் குடியில் கிடந்தவர் அவர். முந்தைய ஆண்டின் சாம்பல் புதனன்று குடியை விட்டவர், அதன் பிறகு ஓராண்டுக்கு மேலாகத் தொடவில்லை. பெயரைச் சொன்னதும் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "இது எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்றார் ஒருவர். "பீடத்துக்கு முன்னால உட்கார வச்சுட்டு, நாளைக்கு அவன் ரோட்டுல விழுந்து கிடந்தா கோயிலுக்குத்தானே அவமானம்?" என்றார் இன்னொருவர். பங்குத்தந்தையாகிய நாம் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. நேரமாகிறது, வேண்டாத பிரச்சினை எதற்கு என்று அந்தப் பெயரை அடித்துவிட்டு வேறு பெயரை எழுதிக்கொண்டோம்.

செய்தி எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. உயிர்ப்பு ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து எல்லாரும் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லிப் போன பிறகு, அவர் சக்கிறீஸ்து வாசலில் வந்து நின்றார். கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னார்: "சாமி, குடிய நான் விட்டுட்டேன். ஊருதான் இன்னும் என்னைய விடல."

அன்று முழுவதும் அந்தச் சொல் நம்மை விடவில்லை. ஆண்டவர் கல்லறையிலிருந்து எழுந்ததை விடிய விடியப் பாடி அறிவித்திருந்தோம். நம் பங்கிலேயே ஒருவர் கல்லறையிலிருந்து எழுந்து வந்து ஓராண்டுக்கு மேலாகக் கட்டோடு நின்றிருக்கிறார். அவிழ்க்க வேண்டியவர்கள் நாங்கள். ஆனால் இன்னொரு முடிச்சைப் போட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

மறுநாள் பேரவை உறுப்பினர் இருவரை அழைத்துக்கொண்டு அவர் வீட்டிற்குப் போனோம். மன்னிப்புக் கேட்டோம். அவருடைய மனைவி வறக்காப்பி போட்டுக் கொண்டுவந்தார். வைத்துவிட்டு, "இந்த வீட்டுக்குச் சாமி வந்து நாலு வருசமாச்சு" என்றார். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. ஆனால் அது உண்மை. ஒவ்வோர் ஆண்டும் பாஸ்கா காலத்தில் தீர்த்தம் தெளித்து வீடுகளை ஆசீர்வதித்துக்கொண்டு அந்தத் தெரு வழியாகப் போகும்போது, அது குடிகாரர் வீடு, உள்ளே போனால் சண்டை வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாமும் தாண்டிப் போயிருக்கிறோம். கணவர் குடித்த குற்றத்திற்கு அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் தீர்த்தம் இல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

இதன் பிறகு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். அப்படி முடியவில்லை. அந்த ஆண்டு மழைக்காலத்தில் அவர் ஒருமுறை வழுக்கி விழுந்தார். இரண்டு நாள் குடித்தார். பேரவையில் சிலருக்கு அது தங்கள் வாக்கு பலித்ததுபோல் ஆயிற்று. ஆனால் அவர் பெயரை முன்மொழிந்த அந்த அம்மாவும் அன்பியத்தைச் சேர்ந்த இன்னொருவரும் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். எழுந்தார். மீண்டும் நடந்தார். ஆண்டுகள் சென்று, ஒரு பெரிய வியாழனன்று அவர் பாதத்தைக் கழுவும் பேறு நமக்குக் கிடைத்தது. இன்று ஞாயிறு மாலைகளில், குடியை விடத் துடிக்கும் இன்னொரு இளைஞரோடு அவர் கெபியின் அருகில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம். அவரோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசாதவர்களும் பங்கில் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும் மன்றாடுகிறோம்.

அன்பார்ந்தவர்களே, உயிர்ப்பு நம்பிக்கைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15-ஆம் அதிகாரத்தில் ஆணித்தரமாக ஒன்றைச் சொல்கிறார். கிறிஸ்து எழுப்பப்படவில்லை என்றால் நம் நம்பிக்கை வீண். நாம் இன்னும் நம் பாவங்களிலேயே கிடக்கிறோம் என்கிறார். இதைத் திருப்பிப் பார்ப்போம். ஒரு மனிதர் தம் பழைய பாவத்திலேயே கடைசிவரை கிடப்பார், அவர் மாறவே மாட்டார் என்று நாம் முடிவுகட்டினால், கிறிஸ்து உயிர்க்கவில்லை என்று நாம் சொல்லாமல் சொல்கிறோம். விசுவாச அறிக்கையில் இறந்தோர் உயிர்ப்பார்கள் என்று ஞாயிறுதோறும் நின்றுகொண்டு சொல்கிறோம். உலக முடிவில் எலும்புகள் எழும் என்று நம்புகிறவருக்கு, அடுத்த தெருவில் ஒருவர் எழுந்துவிட்டார் என்று நம்ப ஏன் இத்தனை தயக்கம்?

தொடக்கத் திருச்சபையே இந்தத் தயக்கத்தில் சிக்கியது என்பது நமக்கு ஓர் ஆறுதல். திருத்தூதர் பணிகள் 9-ஆம் அதிகாரத்தைப் படிப்போம். சவுல் தமஸ்கு வழியில் உயிர்த்த ஆண்டவரைச் சந்தித்தார். ஆனால் எருசலேமுக்கு வந்து சீடர்களோடு சேர முயன்றபோது, எல்லாரும் அவரைக் கண்டு அஞ்சினார்கள். அவர் சீடர் என்பதை நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஸ்தேவான் கொல்லப்பட்டபோது உடன்பட்டு நின்றவர் அவர். அப்போது பர்னபா என்பவர் துணிந்து சவுலின் கையைப் பிடித்துத் திருத்தூதர்களிடம் அழைத்துக்கொண்டு போனார். அவருக்காகச் சாட்சி சொன்னார். அதற்கு முன் தமஸ்கில் அனனியா என்ற சீடர், தம்மைப் போன்றவர்களைச் சிறைப்பிடிக்க வந்த அதே மனிதர்மேல் கைகளை வைத்து அவரைச் சகோதரர் என்று அழைத்தார். ஆண்டவர் சவுலுக்கு ஒளி கொடுத்தார். கட்டை அவிழ்த்தவை அனனியாவின் கையும் பர்னபாவின் கையும்தான். அந்த இருவரும் பின்வாங்கியிருந்தால் பவுலின் திருமுகங்கள் நமக்குக் கிடைத்திருக்குமா?

நம் காலத்திற்கு அருகில் வாழ்ந்த ஒரு துறவியையும் நினைவுகூர்வோம். அமெரிக்காவில் ஓகையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் அருள்சகோதரி இக்னேசியா என்பவர் இருந்தார். அயர்லாந்தில் பிறந்தவர்; தூய அகுஸ்தினாரின் பிறரன்புச் சகோதரிகள் சபையைச் சேர்ந்தவர். அந்நகரில் தூய தோமையார் மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் பிரிவில் பணியாற்றினார். குடிநோயாளர்களைப் படுக்கையில் சேர்ப்பதற்கு மருத்துவமனைகள் தயங்கிய காலம் அது. குடி ஒரு நோய் என்பதை ஏற்பவர்கள் அன்று குறைவு. 1935-இல் அதே ஆக்ரன் நகரில்தான் பில் வில்சன் என்பவரும் டாக்டர் பாப் என்று அழைக்கப்பட்ட மருத்துவர் ஸ்மித்தும் சந்தித்தார்கள். இருவருமே குடியால் சீரழிந்தவர்கள். ஒரு குடிநோயாளர் இன்னொரு குடிநோயாளருக்கு உதவும்போது இருவருமே தெளிவாக இருக்க முடிகிறது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று இன்று உலகெங்கும் அறியப்படும் இயக்கம் அப்படிப் பிறந்தது. டாக்டர் பாப் அனுப்பிய நோயாளர்களை 1939 முதல் சகோதரி இக்னேசியா மருத்துவமனையில் சேர்த்துக்கொள்ளத் தொடங்கினார்.

சிகிச்சை முடிந்து வீட்டிற்குப் போகும் ஒவ்வொருவரிடமும் அந்தச் சகோதரி திரு இருதய ஆண்டவரின் சிறு அடையாள வில்லை ஒன்றைக் கொடுப்பாராம். மறுபடியும் குடிக்க வேண்டும் என்று தோன்றினால், குடிப்பதற்கு முன் இதை என்னிடம் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்வாராம். எவ்வளவு எளிய செயல்! வாசல் திறந்தே இருக்கிறது, விழுவதற்கு முன் என்னிடம் வா என்று சொல்வதற்கு வேறு என்ன வேண்டும்? அவிழ்க்கும் கை என்பது இதுதான்.

சரி, இந்தப் பாஸ்கா காலத்தில் நாம் என்ன செய்யலாம்? நம் பங்குகளில் மனிதர்களைச் சுற்றியிருக்கும் மூன்று கட்டுகளை மட்டும் இன்று எடுத்துச் சொல்கிறோம்.

முதல் கட்டு பட்டப்பெயர். சிறைக்குப் போய் வந்தவர், ஓடிப்போனவள், குடிகாரர் மகன், தற்கொலை செய்தவர் வீடு. இந்தப் பெயர்களைச் சூட்டியது நம் நாக்கு. ஆண்டவர் இலாசரை அழைத்தபோது பிணமே என்று அழைக்கவில்லை. பெயர் சொல்லி அழைத்தார். மகதலா மரியா தோட்டத்தில் அழுதுகொண்டு நின்றபோதும் பெயர் சொல்லி அழைத்தார். ஒருவருடைய பெற்றோர் இட்ட பெயரைச் சொல்லி அழைப்பதிலிருந்து நாம் தொடங்கலாம். குறிப்பாக, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவரின் குடும்பத்தாருக்கு நம் மௌனமே பெரிய கட்டாகிவிடுகிறது. அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவோம். பேச வார்த்தை வராவிட்டால் சும்மா உட்காருவோம்.

இரண்டாவது கட்டு அச்சம். நேற்று நற்செய்தியில் கேட்டோமே, சீடர்கள் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள் என்று. ஆண்டவரைக் கண்டு மகிழ்ந்த பிறகும், எட்டு நாள் கழித்து மீண்டும் அவர்கள் கூடியபோதும் கதவுகள் பூட்டித்தான் கிடந்தன என்று யோவான் எழுதுகிறார். உயிர்ப்பை நம்புவதும் அஞ்சாமல் வாழ்வதும் ஒரே நாளில் கைகூடுவதில்லை. ஆண்டவர் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. மீண்டும் வந்து அமைதி கூறினார். தோமாவிடம் தம் காயங்களைக் காட்டினார். நம்மிடையே செய்வினைக்கும் பில்லிசூனியத்திற்கும், நேரம் சரியில்லை என்ற சொல்லுக்கும் அஞ்சி, கயிறு கட்டிக்கொண்டு திரியும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்து பயனில்லை. பொறுமையாகத் திரும்பத் திரும்பப் போய் அமைதி சொல்ல வேண்டும். நம் சொந்தக் காயங்களையும் காட்டி, ஆண்டவர் இவற்றின் வழியாக நம்மை எப்படி நடத்திவந்தார் என்று சாட்சி சொல்ல வேண்டும்.

மூன்றாவது கட்டு கசப்பு. பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகள், கலியாணத்தில் அழைப்பு விட்டுப்போனதற்காகப் பத்து ஆண்டுகளாக முகம் பார்க்காத சம்பந்திகள், மனம் விரும்பியவரை மணந்த குற்றத்திற்காக வாசற்படி மிதிக்க முடியாத மகள். இந்தக் கட்டின் ஒரு முனை அவர்களிடம் இருந்தால், மறுமுனை நம் கையில் இருக்கிறது. கட்டியவரும் சேர்ந்துதான் கட்டுப்பட்டிருக்கிறார். சாதியின் பெயரால் போட்ட கட்டுகளும் இதில் அடங்கும். உயிர்ப்பை அறிவிக்கும் நம் கல்லறைத் தோட்டங்களிலேயே இறந்தவர்களைச் சாதி வாரியாகப் பிரித்துப் புதைத்த வரலாறு நம் தமிழகத் திருச்சபைக்கு உண்டு. கல்லறையைப் பிரித்து வைத்துக்கொண்டு உயிர்ப்பை எப்படிப் பகிர்ந்துகொள்வது?

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டை அவிழ்ப்பது என்றால் தவறுக்குத் துணைபோவது அல்ல. குடிக்கிறவருக்கு இரக்கப்பட்டுக் காசு கொடுப்பது விடுதலை அல்ல. அடிக்கிற கணவரிடம், மன்னித்து விட்டுக்கொடுத்துப் போ என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவது மன்னிப்பு அல்ல. அது இன்னொரு கல்லறையின் வாசலில் கல்லை உருட்டி வைப்பது. முதலில் அவரும் பிள்ளைகளும் பாதுகாப்பாக இருக்க வழி செய்ய வேண்டும். அதேபோல் நெடுநாளாக அளவுக்கு மீறிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தும்போது உடல் நடுக்கமும் வலிப்பும், உயிருக்கே ஆபத்தும் வரலாம். செபமும் வேண்டும், மருத்துவரும் வேண்டும். கோயிலில் வாக்குக் கொடுக்கச் செய்துவிட்டு வீட்டிற்கு அனுப்பினால் போதாது. மருத்துவமனை வரை உடன் போகும் கால்களும் வேண்டும்.

விடுவிக்கப்பட்டவருக்கும் ஒரு கடமை உண்டு. அயர்லாந்தின் டப்ளின் நகரில் வாழ்ந்த மாட் டால்பட் என்ற கூலித் தொழிலாளியைச் சிலர் அறிந்திருப்பீர்கள். சிறுவனாக இருந்தபோதே குடிக்கு அடிமையானவர். 1884-இல் ஒருநாள் கையில் காசில்லாமல் மதுக்கடை அருகே நின்றபோது, அவர் வாங்கிக்கொடுத்துக் குடித்திருந்த நண்பர்கள் ஒருவர்கூட அவரை உள்ளே அழைக்கவில்லை. அன்றே குடியை விடுவதாக உறுதி எடுத்தார். முதலில் மூன்று மாதத்திற்கு. பிறகு அதை நீட்டினார். பிறகு வாழ்நாள் முழுவதற்கும். 1925-இல் திருப்பலிக்கு நடந்துபோகும் வழியில் இறக்கும்வரை 41 ஆண்டுகள் அந்த உறுதியில் நின்றார். வைத்திருந்த கடன்களையெல்லாம் தேடித் தேடி அடைத்தார். 1975-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்திற்குரியவர் என்று அறிவித்தார். மூன்று மாதத்திலிருந்து தொடங்கிய புனிதம் அது! விடுதலை தேடும் சகோதரரே, சகோதரியே, வாழ்நாள் முழுவதையும் நினைத்து மலைக்க வேண்டாம். இன்றைய ஒரு நாளை ஆண்டவர் கையில் கொடுங்கள்.

நிறைவாக, பெத்தானியாவுக்கே மீண்டும் போவோம். கட்டு அவிழ்க்கப்பட்ட இலாசர் பிறகு என்ன ஆனார்? யோவான் 12-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் விடை இருக்கிறது. பாஸ்கா விழாவுக்கு ஆறு நாள் முன்பு பெத்தானியாவில் ஆண்டவருக்கு விருந்து. மார்த்தா பரிமாறுகிறார். இலாசர் ஆண்டவரோடு பந்தியில் அமர்ந்திருக்கிறார். நான்கு நாள் கல்லறையில் கிடந்தவர் என்று யாரும் அவரைத் தனியாக உட்கார வைக்கவில்லை. விடுதலையின் நிறைவு பந்தியில் ஓர் இடம் கிடைப்பதுதான். அதே அதிகாரத்தில் தலைமைக் குருக்கள் இலாசரையும் கொல்லத் திட்டமிடுகிறார்கள். உயிர்பெற்று எழுந்த மனிதர் எப்போதும் சிலருக்கு உறுத்தலாகத்தான் இருப்பார். அந்தப் பக்கம் நிற்பதா, பந்தியில் இடம்விட்டு நகர்ந்து உட்காருவதா என்பதுதான் நம் முன் உள்ள கேள்வி.

இந்த 50 நாள்களில் நாம் ஒவ்வொருவரும் ஒரே ஒருவரைத் தேர்ந்துகொள்வோம். அவர் யாரென்று இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நம் மனத்தில் தோன்றியிருக்கும். அவர் வீட்டிற்குப் போவோம். வரும் ஞாயிறு திருப்பலியில் அவர் அருகில் அமர்வோம். அமைதியைப் பகிர்ந்துகொள்ளும் நேரத்தில் நம் கை முதலில் அவரிடம் நீளட்டும்.

மன்றாடுவோம். உயிர்த்த ஆண்டவரே, எங்களைப் பெயர் சொல்லி அழைத்து வாழ்வளித்தவரே, எங்கள் சகோதர சகோதரிகளைச் சுற்றி நாங்கள் கட்டிய கட்டுகளை மன்னித்தருளும். அவற்றை அவிழ்க்கும் துணிவை எங்கள் கைகளுக்குத் தாரும். விழுந்தவர்களைத் தூக்கிவிடவும், எழுந்தவர்களை நம்பவும், எங்கள் பந்தியில் அவர்களுக்கு இடமளிக்கவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்களையும் எங்கள் கசப்புகளிலிருந்தும் அச்சங்களிலிருந்தும் விடுவித்தருளும்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென். அல்லேலூயா!